பன்னீர் திராட்சையும் பாலாற்று ஜாடியும்: சில வார இறுதிக் குறிப்புகள்

"காசு குடுத்து, பெட்ரோல் போட்டு, முந்நூறு கிலோமீட்டர் போய்க் குடிக்கணுமாடா?"

நந்தி மலைக்குக் கிளம்பும்போது அம்மா கேட்ட கேள்வி இது. கேமரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "குடிக்க இல்லம்மா, போட்டோ எடுக்க" என்றேன். பாதி உண்மை. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

அம்மாவின் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. எங்கள் பெரியப்பா காஞ்சிபுரத்தில் நல்ல நெசவாளி. கோர்வைப் புடவையில் கை தேர்ந்தவர். கோர்வை என்றால் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி, ஒவ்வொரு ஊடைக்கும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ள வேண்டும். கை ஒரு நூல் அளவு தவறினாலும் கரையில் தெரிந்துவிடும். குடி அதிகமாகி அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது முதலில் போனது கோர்வை வேலை. அப்புறம் சாதாரணக் கரை. அப்புறம் தறியே போனது. 46 வயதில் அவரும் போய்விட்டார். எனக்கு இப்போது 44. எங்கள் வீட்டில் பாட்டில் என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம்.

ஆகவே ஒயின் பற்றி நான் எழுதுவது கொண்டாடுவதற்காக இல்லை. திராட்சை எப்படி வளர்கிறது, எப்படிப் புளிக்கிறது, நம்ம ஊருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்ற மூன்று கேள்விகள் ரொம்ப நாளாகக் குடைந்துகொண்டிருந்தன. இரண்டு வார இறுதிகளில் போய்ப் பார்த்ததையும், படித்ததையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

தூங்காத கொடி

முதல் பயணம் நந்தி மலை அடிவாரம். காஞ்சியிலிருந்து வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக பெங்களூரு, அங்கிருந்து வடக்கே தொட்டபள்ளாபுரம் பக்கம். விடிகாலை மூணு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் தோட்டத்தில் இருக்கலாம். இந்தப் பகுதியில் ஒயின் திராட்சையை நட்டு ஆரம்பித்து வைத்தவர் கன்வல் குரோவர். 1980களில் பிரான்சிலிருந்து கொடிகளைக் கொண்டுவந்து பல இடங்களில் சோதித்துவிட்டு, கடைசியில் இங்கே நிலைத்தார். அவர் நிறுவனத்தின் முதல் ஒயின் 1992இல் வெளிவந்தது. நாசிக்கில் ராஜீவ் சாமந்த் சூலாவைத் தொடங்கியது அதற்குப் பிறகு, 1999இல்தான். இன்று இந்திய ஒயின் என்றால் எல்லோரும் நாசிக் என்கிறார்கள். ஆனால் நமக்குப் பக்கத்தில் இருப்பது நந்தி மலை.

ஏன் இந்த இடம்? உயரம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர். பகல் வெயில் சர்க்கரையைக் கூட்டும். ராத்திரிக் குளிர் புளிப்பைக் காப்பாற்றும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒயின். காஞ்சிபுரம் மாதிரி ராத்திரியும் புழுங்குகிற ஊரில் பழம் இனிக்கும், ஆனால் புளிப்பு செத்துவிடும்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் வேறொன்று. ஐரோப்பாவில் குளிர் வந்தால் கொடி இலை உதிர்த்துத் தூங்கிவிடும். வசந்தத்தில் தானாக விழிக்கும். நம்ம ஊரில் அந்தக் குளிரே கிடையாது. கொடிக்குத் தூக்கமே வராது. விட்டால் வருஷம் முழுக்க இலையும் கொம்புமாக ஓடிக்கொண்டே இருக்கும், ஒழுங்காகக் காய்க்காது. அதனால் மனிதன் கத்திரிக்கோலால் பருவத்தை உண்டாக்குகிறான். கோடையில் ஒரு கவாத்து, கொடியின் கட்டமைப்புக்காக. மழைக்காலம் முடிகிற செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு கவாத்து, காய்ப்புக்காக. அறுவடை பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச். என் வேலையில் சொன்னால், இயற்கை அனுப்ப வேண்டிய சிக்னலை நாமே கைமுறையாக அனுப்புகிறோம்.

இதனால் போட்டோ எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு முக்கியமான பாடம் உண்டு. கவாத்து முடிந்த வாரத்தில் போனால் வெறும் குச்சிகள்தான் இருக்கும். குலை தொங்கும் படம் வேண்டுமென்றால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் போக வேண்டும். நான் முதல் தடவை அக்டோபரில் போய், ஏமாந்து, போக நந்தீஸ்வரர் கோயில் தூண்களைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பியவன்.

பந்தலும் வேலியும்

இரண்டாவது பயணம் கம்பம் பள்ளத்தாக்கு. வெள்ளி ராத்திரி பஸ், சனிக்கிழமை காலை கம்பம். அங்கிருந்து சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி என்று ஷேர் ஆட்டோவில் சுற்றலாம். ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, அடியில் பச்சைப் பந்தல்கள். இங்கே விளைவது பன்னீர் திராட்சை. உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது இதற்குச் சொல்லப்படும் வரலாறு. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நந்தி மலையில் கொடியை வரிசையாகக் கம்பி வேலியில் ஏற்றி நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். கம்பத்தில் கல்தூண் நட்டு, தலைக்கு மேலே கம்பிப் பந்தல் போட்டு, அதில் படர விட்டிருக்கிறார்கள். வித்தியாசம் அழகுக்காக இல்லை. பந்தலில் இலைப்பரப்பு அதிகம், குலைகள் அதிகம், இலையின் நிழலில் பழம் வெயிலில் வெந்துபோகாது. சாப்பிடுகிற பழத்துக்கு இது சரி. ஒயினுக்கு வேறு கணக்கு. அங்கே வேண்டுமென்றே குலைகளைக் குறைப்பார்கள். ஒரு கொடியின் சத்து சில குலைகளுக்குள் அடங்கினால் சர்க்கரையும் நிறமும் மணமும் அடர்த்தியாகும் என்பது நோக்கம்.

ஒரு எளிய சூத்திரம்: பழச்சாற்றின் சர்க்கரை அளவை பிரிக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். 100 கிராம் சாற்றில் எத்தனை கிராம் சர்க்கரை என்று புரிந்துகொண்டால் போதும். அதை 0.55 ஆல் பெருக்கினால் கிடைக்கப்போகும் ஆல்கஹால் சதவீதம் தோராயமாக வரும். 23 பிரிக்ஸ் என்றால் 12.65, அதாவது வழக்கமான ஒயின். 16 பிரிக்ஸ் என்றால் 8.8தான். அப்படிப்பட்ட பழத்தை சந்தைக்கு அனுப்புவதுதான் விவசாயிக்கு லாபம்.

பந்தலுக்கு அடியில் என்னோடு பேசிய விவசாயி ஒருவர் இந்தக் கணக்கையே வேறு மாதிரி சொன்னார். "நாங்க இனிப்பைப் பாத்து அறுக்கறதில்ல சார், மழையைப் பாத்து அறுக்கறோம்." பழுக்கிற நேரத்தில் மழை பெய்தால் தோல் வெடிக்கும். மெல்லிய தோல். வெடித்த குலையை வியாபாரி தொட மாட்டார். கம்பத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும் வெவ்வேறு மாதத்தில் கவாத்து செய்வதால் ஏறக்குறைய வருஷம் பூராவும் எங்கேயாவது அறுவடை இருக்கும். பெருமைதான். ஆனால் அதற்கு அர்த்தம், எப்போது மழை பெய்தாலும் யாராவது ஒருவர் மாட்டிக்கொள்வார் என்பதும்தான். போட்டோவில் பச்சையாகத் தெரிகிற பந்தலுக்கு மேலே இந்த பயம் எப்போதும் தொங்குகிறது.

படம் எடுக்க நான் கற்றது

ஒன்று, எதிர்வெளிச்சம். காலை ஏழு மணிக்கு இலைக்குப் பின்னால் சூரியன் இருக்கும்படி நின்றால் இலை நரம்பு எல்லாம் விளக்குப் போட்ட மாதிரி தெரியும். பதினொரு மணிக்கு மேல் கேமராவைப் பையில் போட்டுவிடலாம்.

இரண்டு, திராட்சை மேல் இருக்கும் வெண்பூச்சைத் துடைக்காதீர்கள். அது மருந்து படிந்தது என்று நினைத்து நானே ஒரு குலையைத் துடைத்திருக்கிறேன். அது பழம் தன் ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ள உண்டாக்கும் மெழுகு. துடைத்தால் பிளாஸ்டிக் பழம் மாதிரி ஆகிவிடும். மருந்து அடிப்பதும் உண்மைதான், அதனால் பறித்ததை நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள். படம் எடுப்பதற்கு முன்னால் கழுவ வேண்டாம், அவ்வளவுதான்.

மூன்று, பந்தலுக்கு அடியில் இருட்டும் ஓட்டை வெளிச்சமும் கலந்து கேமராவைக் குழப்பும். சூரியன் சாய்ந்து, வெளிச்சம் பக்கவாட்டில் நுழைகிற மாலை நாலரை, ஐந்து மணிதான் சரி. வெளிச்சமான இடத்துக்கு அளவு வைத்து எடுத்துவிட்டு, நிழலைப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம். வெந்துபோன வெள்ளையை மீட்க முடியாது.

நான்கு, உள்ளே போகும் முன் கேட்டுவிட்டுப் போங்கள். அது யாரோ ஒருவரின் ஒரு வருஷ உழைப்பு.

துவர்ப்பு என்ற நம் சொல்

நந்தி மலையில் ருசி பார்க்கும் அறையில் ஐந்து கண்ணாடிக் கோப்பைகள் வைத்தார்கள். வழிகாட்டிய இளைஞர் பிளாக்பெர்ரி, பிளம், புகையிலை, சீடர் மரம் என்று அடுக்கினார். பாதிப் பொருளை நான் வாழ்க்கையில் முகர்ந்ததே கிடையாது. என் மனைவி மெதுவாக, "ஏங்க, இது நம்ம கொய்யாப்பழம் இல்ல?" என்றாள். சோவினியோ பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் அது. வீட்டுக்கு வந்து தேடினேன். அவள் சொன்னது மிகச் சரி. அந்த வகைக்கும் கொய்யாவுக்கும் வாசனை தருகிற கந்தகச் சேர்மங்களில் பொதுவானவை உண்டு. கேபர்னே சோவினியோனில் பச்சைக் குடமிளகாய் வாசனை வந்தால் அதற்குக் காரணம் பைரசின் வகைச் சேர்மம், குடமிளகாயில் இருப்பதும் அதுவே.

பன்னீர் திராட்சைக்கு ஏன் அந்தப் பெயர் என்பதும் இங்கே புரிந்தது. மஸ்கட் வகைகளில் ஜெரானியோல், லினலூல் போன்ற மணப்பொருள்கள் அதிகம். ரோஜா எண்ணெயிலும் ஜெரானியோல் இருக்கிறது. பன்னீர் என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் மூக்கு சரியாக வேலை செய்திருக்கிறது.

சிவப்பு ஒயினில் நாக்கு வறண்டு இழுக்கிறதே, அதற்கு ஆங்கிலத்தில் விளக்கம் கொடுக்கச் சிரமப்படுவார்கள். நமக்கு அறுசுவையில் ஒரு பெயரே இருக்கிறது, துவர்ப்பு. நாவல்பழம், வாழைப்பூ, கடுக்காய் எல்லாவற்றிலும் இருக்கும் அதே டானின். எச்சிலில் உள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதால் வழுவழுப்பு போய்விடுகிறது. வெள்ளை ஒயினில் தோலைப் பிரித்துவிட்டு சாற்றை மட்டும் புளிக்க வைப்பதால் துவர்ப்பு குறைவு. சிவப்பில் தோலோடு புளிக்க வைப்பதால் நிறமும் துவர்ப்பும் இறங்குகின்றன.

நிறம் பார்க்க கோப்பையைச் சாய்த்து வெள்ளைக் காகிதத்துக்கு மேல் பிடிக்கச் சொன்னார்கள். எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது. அரக்கு நிறப் பட்டு நூல் சாயம் போட்டு வந்தால் அவர் வீட்டுக்குள் பார்க்க மாட்டார். வாசலுக்குக் கொண்டுபோய், வெள்ளை வேட்டி மேல் வைத்து, பகல் வெளிச்சத்தில் பார்ப்பார். அதே அரக்கு, அதே முறை.

கோப்பையின் உள்பக்கம் வழிகிற கோடுகளைக் காட்டி, "நல்ல ஒயினுக்கு அடையாளம்" என்பார்கள். நம்பாதீர்கள். ஆல்கஹால் தண்ணீரைவிட வேகமாக ஆவியாவதால் திரவத்தின் பரப்பு இழுவிசை இடத்துக்கு இடம் மாறுகிறது, அதனால் மேலே ஏறி வழிகிறது. தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருந்தார்கள். அது கௌரவக் குறைவு இல்லை, தொழில்முறை ருசிப்பாளர்கள் எல்லோரும் துப்புவார்கள். நானும் துப்பினேன், இரண்டு வாய் தவிர. வண்டியை ஓட்டியது, கோப்பையைத் தொடாத நண்பர். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் நம் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். "ரெண்டு கோப்பைதானே" என்று ஸ்டியரிங் பிடிக்கிற இடம் இல்லை இது.

காஞ்சியில் என்ன குடித்தார்கள்?

இப்போது என் தவறுக்கு வருகிறேன். காஞ்சிபுரம் அகழாய்வில் கிடைத்த கூம்பு வடிவ ஜாடிகளைப் பற்றிப் படித்ததிலிருந்து, "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலயே நம்ம காஞ்சியில ரோமானிய ஒயின் குடிச்சாங்க" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க நன்றாக இருக்கும். இப்போது அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

உறுதியாகத் தெரிந்தது இது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. எலிசபெத் வில் அவற்றை ஆராய்ந்து, கிரேக்கத்தின் கோஸ் தீவுப் பாணி ஒயின் ஜாடிகளை அடையாளம் கண்டார். எல்லாம் ஒயினும் அல்ல, ஆலிவ் எண்ணெய், மீன்சாறு ஜாடிகளும் உண்டு. கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பார்கள் என்பது வேறு சுவாரசியம். புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பாண்டியன் பொற்கிண்ணத்தில் அருந்துவதைப் பாடுகிறார். ஆக தமிழகத்துக்கு யவன ஒயின் வந்தது, சந்தேகமில்லை.

ஆனால் காஞ்சியிலும், பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள வசவசமுத்திரத்திலும் கிடைத்தவை கூம்பு ஜாடிகள். ஆம்போராவைப் பார்த்து இங்கேயே செய்த நகல்கள் என்று முதலில் கருதப்பட்டவை. 2007இல் ராபர்ட்டா டோம்பர் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார். இந்தியாவில் ரோமானிய ஆம்போரா என்று எண்ணப்பட்ட ஓடுகளில் கணிசமானவை உண்மையில் மெசபொத்தேமியாவிலிருந்து பாரசீக வளைகுடா வழியாக வந்த டார்பிடோ ஜாடிகள். கைப்பிடி கிடையாது, அடிப்பக்கம் கூர்மை, உள்ளே நிலக்கீல் பூச்சு. காலமும் பல நூற்றாண்டுகள் நீளும். ஆகவே "கூம்பு ஜாடி, ஆகவே ரோம், ஆகவே ஒயின்" என்று நான் போட்ட மூன்று படிகளில் ஒன்றுகூட தானாக நிற்காது. ஜாடியின் வடிவம் உள்ளே என்ன இருந்தது என்று சொல்லாது. நம் வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் எத்தனை வருஷம் துவரம்பருப்பு இருந்தது?

ஆனால் காஞ்சியில் குடி இருந்ததற்குச் சான்று வேண்டுமென்றால், ஜாடியைவிட உறுதியானவை இரண்டு இருக்கின்றன.

ஒன்று பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. காஞ்சிக்குப் போகிற பாணனுக்கு வழியில் வலைஞர் வீட்டில் என்ன கிடைக்கும் என்று சொல்லும்போது, கள் செய்முறை முழுதாக வருகிறது. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாய்ப் பாத்திரத்தில் ஆறவிட்டு, முளைத்த தானியத்தைச் சேர்த்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் வைத்து, பச்சை வாசனை போனதும் விரலால் அலைத்துப் பிழிவது. இதில் முளை எதற்கு? திராட்சையில் சர்க்கரை தயாராக இருக்கிறது, நசுக்கினால் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். அரிசியில் இருப்பது மாவுச்சத்து, ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது. முளைக்கிற தானியத்தில் உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்கும். பியருக்கு பார்லியை முளைகட்டுவது இதற்காகத்தான். அந்தப் புலவர் நொதி என்ற சொல்லை அறியாமல், செய்முறையை ஒரு படி விடாமல் பதிவு செய்திருக்கிறார்.

இரண்டாவது மத்தவிலாசப் பிரகசனம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய சமஸ்கிருத நகைச்சுவை நாடகம். காஞ்சித் தெருவில் சத்தியசோமன் என்ற குடிகாரக் காபாலிகனும் அவன் துணை தேவசோமையும் தள்ளாடி வருகிறார்கள். கள்ளுக்கடையை வேள்விச்சாலையோடு ஒப்பிட்டுப் புகழ்கிறான். பிச்சை எடுக்கும் கபாலத்தைக் காணோம் என்று ஒரு புத்த பிக்குவோடு சண்டை போடுகிறான். கடைசியில் அதைத் தூக்கிப்போனது நாய். காஞ்சியிலிருந்து பாலாறு தாண்டித் தெற்கே உள்ள மாமண்டூர் குடைவரைக் கல்வெட்டிலேயே மத்தவிலாசம் என்ற பெயர் இருக்கிறது. ஒரு ராஜா தன் தலைநகரத்துக் குடியைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். ஆனால் அதில் ஓடுவது சுரை. யவன ஒயினோ திராட்சைத் தோட்டமோ கதையில் தேவைப்படவில்லை.

ஆக, காஞ்சியில் குடி பழசு. திராட்சை ஒயின் பழசா என்பதற்கு அந்த ஜாடிகள் மட்டும் சாட்சியாகாது. இப்போதைக்கு என் நிலைப்பாடு இதுதான்.

கடைசியாக ஒன்று

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். ஒயினில் அது இருப்பது மிகச் சொற்ப அளவு. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்துவிட்டது. மருந்தென்று நினைத்து யாரும் ஆரம்பிக்க வேண்டாம். விலை உயர்ந்த கோப்பையில் ஊற்றினாலும் ஈரலுக்கு வித்தியாசம் தெரியாது. பெரியப்பாவைப் பார்த்து வளர்ந்தவன் இதை எழுதாமல் முடிக்க முடியாது.

கம்பத்திலிருந்து வரும்போது ஒரு பெட்டி பன்னீர் திராட்சை வாங்கி வந்தேன். அம்மா ஒரு பழத்தை வாயில் போட்டு, கொட்டையைக் கையில் துப்பிவிட்டு, "நல்லா வாசனையா இருக்கு. இதையா கொண்டுபோய் அழுக வெக்கறாங்க?" என்றாள்.

"அழுகறது இல்லம்மா, புளிக்கறது. நம்ம கோயில் இட்லிக்கு மாவு புளிக்க வெக்கற மாதிரிதான்."

"மாவு சாப்ட்டு யாரும் ரோட்டுல விழலடா."

நொதி, பிரிக்ஸ், டானின் எல்லாம் தெரிந்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.